கொண்டலில் பார்த்த கதவு

இன்று காலை அலுவலகத்தில் ஒரு பார்சலைப் பிரித்தேன். பைபாஸ் ரோட்டில் கட்டிக்கொண்டிருக்கும் புது ஓட்டலுக்கான மாதிரிகள். கீல்கள், ஒரு பூட்டு, கதவைத் தானாக இழுத்துச் சாத்தும் க்ளோசர் ஒன்று. லாரியில் எங்கோ அடிபட்டிருக்க வேண்டும். க்ளோசருக்குள் இருந்த எண்ணெய் கசிந்து பெட்டியின் அடி அட்டை ஊறிப்போயிருந்தது. மூடியைத் திறந்ததும் அந்த வாசனை எழுந்தது. தையல் மெஷினுக்கு விடும் எண்ணெயையும் புது இரும்பையும் சேர்த்து முகர்ந்தது போல. உனக்கு அது ஆகாது. "ஏளா, நீ குளிச்சிட்டு வந்தாலும் ஒர்க்‌ஷாப்புக்குள்ள பெறந்தவ மாதிரிதான் மணக்க" என்று மூக்கைச் சுருக்குவாய்.

உடைந்ததைப் படம் எடுத்து, மெயில் எழுதி, வேறொன்று கேட்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. செய்யத் தோன்றவில்லை. விரல்களைத் துணியில் துடைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். வெளியே துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் வழிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தன. நீ போய் ஏழு மாதம் முடிந்துவிட்டது. தூங்கி எழுந்தாலும் போகாத ஒரு களைப்பு இந்த ஏழு மாதமும் என்னோடு இருக்கிறது. பட்டியல் போடுகிறேன், போனில் பேசுகிறேன், ஏரல் பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போகிறேன். எல்லாம் நடக்கிறது.

உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. லூர்து அக்காவின் வேலையைப் பற்றியது. அந்த வேலை போனது நான் எழுதிய ஒரு வரியால். அது திரும்பக் கிடைக்குமா என்பதும் போன வாரம் வரை என் கையில்தான் இருந்தது. நேராகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. உனக்குத் தெரிந்ததையும் சொல்லித்தான் தெரியாததற்கு வர முடியும் போலிருக்கிறது.

நாம் முதலில் பார்த்துக்கொண்டது பீச் ரோட்டு ஓட்டலில். அப்போது அது ஓட்டல் இல்லை, சிமென்ட் வாடை அடிக்கும் நான்கு மாடி. கதவுச் சாமான்கள் தேர்ந்தெடுத்துத் தரும் எங்கள் முதலாளி அண்ணாச்சியின் கம்பெனியில் நான் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. ஒவ்வொரு கதவுக்கும் எண் போட்ட பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கதவு நிலையிலும் நின்று குறித்துக்கொண்டிருந்தேன். ஓட்டல் திறக்கும் முன்பே உன்னை ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக எடுத்திருந்தார்கள், அறை சுத்தம் செய்யும் பெண்களைச் சேர்த்துப் பழக்குவதற்காக. மூன்றாம் மாடியில் என் பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தாய்.

"என்ன பிள்ள, கதவையே பாத்துக்கிட்டு நிக்க? பொண்ணு பாக்க வந்த மாப்ளகூட இப்படிப் பாக்க மாட்டான்."

"இது தீக்கதவு. இதுக்கு என்னென்ன மாட்டணும்னு நான்தான் சொல்லணும்."

"கதவுக்குப் போயி படிச்ச பிள்ள வேணுமாக்கும்?"

எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. விளக்க ஆரம்பித்தேன். வெறும் பலகையை வைத்துத் தீயை நிறுத்த முடியாது. கீல், பூட்டு, க்ளோசர், சூட்டில் ஊதிப் பெருத்து இடுக்கை அடைக்கும் பட்டை எல்லாவற்றையும் கதவோடு சேர்த்து உலையில் வைத்துச் சோதிப்பார்கள். இத்தனை நேரம் தாங்கும் என்ற சான்று அந்த மொத்தத்துக்கும் சேர்த்துத்தான். நாளைக்கு யாராவது ஒரு கீலை மட்டும் கழற்றி வேறொன்றைப் போட்டால், அது அதைவிட நல்ல கீலாகவே இருந்தாலும், சான்று செல்லாது. எல்லாவற்றுக்கும் மேலே, கதவு யாரும் தொடாமல் தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும். திறந்து கிடக்கும் தீக்கதவு கதவே இல்லை.

பொறுமையாகக் கேட்டாய். "அப்பம் இது கதவு இல்ல, குடும்பம்" என்றாய். "ஒருத்தர மாத்தினா மொத்தமும் கெட்டுப்போவும்."

புதிதாகச் சேருகிறவர்களுக்கு இன்றும் நான் இதைத்தான் சொல்கிறேன். சொன்னவள் நீ என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

அந்த ஓட்டலுக்கு நான் உப்பை நினைத்துப் பார்த்திருந்தேன். உப்பளத்துப் பக்கமிருந்து வரும் காற்று சாதாரண இரும்புக் கீலை இரண்டு வருஷத்தில் தின்றுவிடும் என்று தெரிந்து, உப்புக்குத் தாங்கும் எஃகில், சான்றில் இடம்பெற்ற கீல்களாகவே தேடிப் பிடித்திருந்தேன். அதில் எனக்குப் பெருமை. காற்றையும் நினைத்துப் பார்த்ததாகத்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு மாடியிலும் மேற்குக் கோடியில் சர்வீஸ் லிஃப்டும் பின் படிக்கட்டும் இருக்கும் சின்ன இடம். அறைகள் இருக்கும் நடைபாதைக்கும் அதற்கும் நடுவில் ஒரு தீக்கதவு. மெத்தை விரிப்பு, துண்டு, அழுக்குத் துணி எல்லாம் தள்ளுவண்டியில் அதன் வழியாகத்தான் போய்வர வேண்டும். அந்தக் கதவுகளை நான் சோதித்தது கார்த்திகை மாதத்தில். கிழக்கே கடலிலிருந்து கொண்டல் காற்று அடித்துக்கொண்டிருந்தது. கிழக்குப் பக்கத்துக் கண்ணாடிகள் இன்னும் மாட்டப்படவில்லை. காற்று நடைபாதை முழுக்க ஓடி வந்து கதவை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. நான் போட்டுப் பார்த்த க்ளோசரால் அதை இழுத்துச் சாத்த முடியவில்லை. பூட்டின் நாக்கு விழாமல் ஒரு விரல் இடைவெளி நின்றது. உடனே அந்தக் கதவுகளுக்கெல்லாம் இருப்பதிலேயே பலமான க்ளோசரை எழுதினேன். பலத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாத மாடல். மாட்டியதும் டப்பென்று சாத்திக்கொண்டது. எனக்குத் திருப்தி.

என் முதல் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது. சுவரில் பதிக்கும் காந்தம். வேலை நேரத்தில் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கும்; தீ அலாரம் அடித்த நொடியில் விட்டுவிடும், க்ளோசர் கதவை இழுத்துச் சாத்திவிடும். "சீலிங் மூடியாச்சும்மா, அலாரத்துலருந்து மறுபடி வயர் இழுக்க முடியாது. திறப்பு விழா வருது" என்று சைட் மேனேஜர் சொன்னார். ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் நானே பேனாவை எடுத்து அந்த வரிகளை அடித்தேன். அப்போது எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

பிறகு நாம் சிநேகிதிகள் ஆனோம். எப்படி என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. நான் யாரிடமும் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து நீ நேராக என்னைப் பார்க்க வருவாய். என் கையில் இருக்கும் புத்தகத்தைப் பிடுங்கிக் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு, "ஒண்ணும் நடக்கல, ஏளா. கடைசி வரைக்கும் யோசிச்சிக்கிட்டேதான் இருக்கான்" என்று திருப்பித் தருவாய். உன் அப்பா கடலுக்குப் போன கதைகளைச் சொல்வாய். எந்தக் காற்று எந்த மாதத்தில் எந்தப் பக்கமிருந்து எடுக்கும் என்று உனக்குக் கிழமைகளைப் போலத் தெரியும். எத்தனையோ பேச்சுக்கு நடுவில் அந்தக் கதவைப் பற்றி உன்னிடம் ஒருமுறை கேட்டிருக்கலாம்.

ஓட்டல் திறந்த அடுத்த ஆடியில், தீயணைப்புத் துறை ஆய்வு வருகிறது என்று, எல்லாக் கதவுகளையும் ஒருமுறை பார்த்து அறிக்கை தரச் சொல்லி மேனேஜர் எங்களைக் கூப்பிட்டார். நீ அன்று விடுப்பு. நான் மாடி மாடியாகப் போனேன். மூன்றாம் மாடிக் கதவின் அடியில் ஒரு மரத்துண்டு செருகியிருந்தது. பழப்பெட்டியிலிருந்து உடைத்து, ஒரு பக்கம் சரிவாகச் சீவி, அழகாக ஆப்பு செய்திருந்தார்கள். கதவு விரியத் திறந்து கிடந்தது. பக்கத்தில் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி வண்டியில் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அதுதான் லூர்து அக்கா. என்னைப் பார்த்ததும் காலால் ஆப்பைத் தட்டிவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அறிக்கையில் இப்படி எழுதினேன்: "மூன்றாம் மாடிப் பணியாளர் தீக்கதவை ஆப்பு வைத்துத் திறந்து வைக்கிறார். இது பணியாளரின் கவனக்குறைவு."

நான்காம் நாள் நீ எங்கள் அலுவலகத்துக்கு வந்தாய். உட்காரவில்லை.

"லூர்தக்காவ நிறுத்திட்டாவ."

"எதுக்கு?"

"தீப்பாதுகாப்ப மீறுனாவளாம். கடுதாசி குடுத்து அனுப்பிருக்காவ. எனக்கும் ஒரு மெமோ. ஓம் பேரு போட்ட ரிப்போர்ட்டக் காட்டித்தான்."

"நான் பாத்தத எழுதினேன்."

"பாத்தத எழுதின. ஏன் வச்சிருக்கிய, யக்கான்னு ஒரு வார்த்த கேட்டியா?"

என் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஸ்கூட்டரில் ஏற்றி ஓட்டலுக்குக் கொண்டுபோனாய். அன்று மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று ஊரையே புரட்டிக்கொண்டிருந்தது. ரோட்டு மண் பல்லில் கடிபட்டது. மூன்றாம் மாடியில் நிறைய துணி ஏற்றிய வண்டியை என் முன் நிறுத்தினாய்.

"தள்ளு."

தள்ளினேன். மேற்கே சர்வீஸ் பக்கத்துத் திறப்பு வழியாகக் கச்சான் உள்ளே ஏறி, கதவை என் பக்கமாக அழுத்திக்கொண்டிருந்தது. அதோடு சேர்ந்து நான் தேர்ந்தெடுத்த க்ளோசரும். தோளைக் கொடுத்துத் தள்ளினேன். கதவு பாதி வந்தது. வண்டியை நுழைக்கக் கையை எடுத்ததும் திரும்பி வந்து வண்டியில் மோத, கைப்பிடி என் வயிற்றில் இடித்தது. துண்டுகள் சரிந்து விழுந்தன. நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"லூர்தக்கா ஒரு நாளைக்கு எத்தன தடவ இதத் தள்ளுவாவன்னு நெனக்க? வலது தோளு தூக்க முடியல. சேலையில ஊக்கு குத்த மவள கூப்புடுதாவ."

"சாத்தலைன்னுதான் இவ்வளவு பலமா போட்டேன்."

"இத நீ எந்த மாசம் பாத்த?"

"கார்த்திகைல."

"கண்ணாடி மாட்டியிருந்துச்சா?"

"இல்ல."

நீ கதவில் சாய்ந்து நின்றாய். கோபம் போய் உன் முகத்தில் ஒரு அலுப்பு வந்திருந்தது. "எங்கப்பாகிட்ட கேட்டிருந்தா ஒரு நிமிசத்துல சொல்லிருப்பாவ. கொண்டல்ல பாத்துட்டு கச்சானுக்குக் கதவு போட்டிருக்க, ஏளா."

கண்ணாடி மாட்டிய பிறகு நடைபாதையில் கொண்டல் வரவே இல்லை. அந்தப் பலமே தேவைப்படவில்லை. மாறாக மேற்கிலிருந்து வரப்போகும் காற்றுக்கு நான் ஒரு கூட்டாளியைச் சேர்த்துக் கொடுத்திருந்தேன். அது எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. கீழே இறங்கும்போது நீ சொன்னாய்: "புஸ்தகத்துல வாரவ அழுதா ஒனக்கும் கண்ணு கலங்கும். எதுக்க நிக்குறவளுக்குத் தோளு நோவுறது மட்டும் தெரியாது."

பிறகு, வாசலில் வண்டியைக் கிளப்பும் முன், குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாய். "ஒரே ஒரு கடுதாசி எழுதிக் குடு. கதவு கனம், அது ஒந் தப்பு, அக்கா தப்பில்லைன்னு. ரெண்டு வரி. அது இல்லாம இந்த ஊர்ல வேற ஓட்டல்ல எடுக்க மாட்டாவ. மேனேஜர்மாரு எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் போன்லயே கெடக்காவ."

"எழுதுறேன்" என்றேன்.

நான் எழுதவில்லை.

ஏன் என்று எனக்கு நானே பல காரணங்கள் சொல்லியிருக்கிறேன். வேலைக்குப் புதிது. கம்பெனியின் பெயர் போகும். அண்ணாச்சி என்ன சொல்வாரோ. எல்லாம் உண்மைதான். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த காரணம் சிறியது: தப்பான கதவைத் தேர்ந்தெடுத்தவள் என்று காகிதத்தில் என் பெயர் இருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று செய்தேன். உப்புக்காற்றில் க்ளோசர்களில் துரு ஏறியிருக்கிறது, வாரண்டியில் மாற்றித் தருகிறோம் என்று ஓட்டலுக்கு எழுதினேன். பலத்தைக் கூட்டிக் குறைக்க முடிந்த, கதவின் சான்றில் அனுமதி இருந்த இன்னொரு க்ளோசரை எல்லா மாடியிலும் மாட்டவைத்தேன். சீலிங்கை ஓரமாகத் திறந்து வயர் இழுக்கச் சொல்லி, காந்தங்களையும் வாங்க வைத்தேன். மேனேஜர் நன்றி சொன்னார். உன்னிடம் அதை ஒரு நல்ல செய்தியாகச் சொன்னேன்.

நீ டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாய். "கதவு சொகமாயிட்டு. அக்கா?"

"எழுதுறேன். கொஞ்சம் பொறு."

பொறுத்தாய். முதலில் வாரம் ஒருமுறை கேட்டாய். பிறகு மாதம் ஒருமுறை. பிறகு கேட்காமல் என்னைப் பார்ப்பாய், நான் வேறெங்காவது பார்ப்பேன். லூர்து அக்கா இறால் கம்பெனியில் சேர்ந்துவிட்டாள், ஐஸுக்குள் கையை விட்டு இறால் உரிக்கிறாள் என்று ஒருநாள் சொன்னாய். "அந்தத் தோளோடயா?" என்று கேட்டேன். "வேற தோளு வாங்கவா முடியும்?" என்றாய். அன்று சீக்கிரமே கிளம்பிப் போனாய். ஆனாலும் அடுத்த ஞாயிறு வந்தாய். நீ அப்படித்தான். சண்டையையும் சிநேகிதத்தையும் ஒரே பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வருவாய்.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாளில் நெஞ்சில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் காலை பார்வையாளர் நேரத்தில் வந்தேன். வாய்க்கு மேல் ஆக்சிஜன் மாஸ்க். பேச வேண்டாம் என்று நர்ஸ் சொன்னாள். உன்னிடம் அப்படிச் சொல்லி யார் ஜெயித்தது? மாஸ்க்கை விலக்கி, மூச்சு வாங்கி, முதலில் கேட்டது அதைத்தான்.

"எழுதிட்டியா?"

எனக்கு யோசிக்க நேரமே இருக்கவில்லை. "எழுதிட்டேன்."

"குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்."

"என்ன சொன்னாவ?"

"பாத்துட்டுக் கூப்பிடுறோம்னாங்க."

நீ கண்ணை மூடிக்கொண்டாய். உன் விரல் என் மணிக்கட்டை இரண்டு முறை தட்டியது. மாஸ்க்கை நானே சரிசெய்துவிட்டேன். உன்னை நிம்மதியாக வைக்கத்தான் சொன்னேன் என்று இத்தனை நாளும் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். நீ இனி கேட்க மாட்டாய் என்பதில் எனக்கும் நிம்மதி இருந்தது. வெளியே வந்து, இன்று போய் எழுதிவிட்டால் பொய் உண்மையாகிவிடும் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன். அன்று எழுதவில்லை. மறுநாளும். மூன்றாம் நாள் உன் தம்பி போன் செய்தான்.

இனி உனக்குத் தெரியாதது.

போன வாரம் புது ஓட்டலின் ஆள் சேர்க்கும் அதிகாரி என்னைக் கூப்பிட்டார். "மேடம், லூர்து மேரின்னு ஒரு அம்மா ஹவுஸ்கீப்பிங்குக்கு விண்ணப்பம் போட்டிருக்காங்க. அனுபவம் இருக்கு. ஆனா பழைய இடத்துல விசாரிச்சா, தீக்கதவுல ஆப்பு வச்சதுக்காக நிறுத்தினதாச் சொல்றாங்க. அந்த ரிப்போர்ட் உங்களோடதாமே? எடுக்கலாமா, வேண்டாமா?"

"நல்ல வேலைக்காரங்க. எடுங்க" என்றேன்.

"நீங்க சொன்னாச் சரி. ஆனா மேனேஜ்மென்ட்டுக்குப் பேப்பர் வேணும். ரிப்போர்ட் தப்புன்னா என்ன தப்புன்னு ரெண்டு வரி எழுதித் தந்துருங்க. திங்கக்கெழமைக்குள்ள தந்தாப் போதும்."

அதே இரண்டு வரி. நீ வாசலில் நின்று கேட்ட அதே அளவு. போனை வைத்துவிட்டு அண்ணாச்சியின் அறைக்குப் போனேன். அவர் யாருக்கோ கோபமாக மெயில் எழுதிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கார்த்திகை, கண்ணாடி, கச்சான், துரு என்று எழுதிய பொய், எல்லாம். உன்னிடம் சொன்ன பொய்யை மட்டும் சொல்லவில்லை. அது அவருக்கு உரியது அல்ல.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நம்ம போட்ட கதவு தப்புன்னு நம்மளே எழுதிக் குடுத்தா, நாளைக்கு எவம்மா நம்ம லிஸ்ட நம்புவான்?"

"தெரியல, அண்ணாச்சி."

"அதுவும் புது வேல நடந்துக்கிட்டிருக்குற எடத்துல."

"ஆமா."

மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். "அந்தம்மா இப்பம் என்ன செய்யுதாவ?"

"எறா உரிக்காவ."

"துரு துருன்னு நீ எழுதும்போது நானும் கையெழுத்துப் போட்டேம்லா" என்றார். "ஒரு க்ளோசரயாவது கழத்திப் பாத்திருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும்." பிறகு, "எழுது. நானும் கையெழுத்துப் போடுதேன். ஆனா ஒண்ணு. புது ஓட்டல் லிஸ்ட்ட வெளியில ஒருத்தர வச்சி ஒரு தடவ பாக்கச் சொல்லுவேன். கோவிச்சிக்கிடாத."

கோபம் வரவில்லை. ஒரு விதத்தில் அது எனக்கு ஓய்வாக இருந்தது. என்னை நானே நம்பிக்கொண்டே இருப்பது எவ்வளவு அசதியான வேலை என்று அப்போதுதான் தெரிந்தது.

இரண்டு வரிக்கு ஒரு மதியம் போயிற்று. முதலில் ஒரு பக்கம் வந்தது. காற்றழுத்தம், க்ளோசரின் வலுவெண், கட்டடத்தின் நிலை என்று எல்லாம் இருந்தது, நான் மட்டும் இல்லை. கிழித்துவிட்டு எழுதினேன்: "அந்தக் கதவுகளுக்கு க்ளோசரைத் தேர்ந்தெடுத்தவள் நான். அது தள்ள முடியாத அளவு கனமாக இருந்தது; ஆப்பு வைக்க நேர்ந்ததற்கு என் தேர்வே காரணம், திருமதி லூர்து மேரியின் கவனக்குறைவு அல்ல." பீச் ரோட்டு ஓட்டலுக்கு ஒன்று, புது ஓட்டலுக்கு ஒன்று, அக்காவின் கையில் கொடுக்க ஒன்று. உன்னிடம் எழுதிவிட்டதாகச் சொன்ன நாளின் தேதியைப் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதையும் உன்னிடம் மறைக்கப் போவதில்லை. போடவில்லை. அன்றைய தேதியைத்தான் போட்டேன்.

புது ஓட்டல் மறுநாளே அக்காவை வரச் சொல்லிவிட்டது. பழைய ஓட்டலிலிருந்து பதில் இல்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. கடிதத்தை எடுத்துக்கொண்டு அக்காவின் வீட்டுக்குப் போனேன். பூசைக்குக் கட்டிய சேலையை மாற்றாமல், குசினியில் மீன் குழம்பு கொதிக்கவைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். விரல் நுனிகள் ஐஸில் ஊறி வெளுத்துப்போயிருந்தன. என்னை அடையாளம் கண்டதும் முகம் கொஞ்சம் மூடிக்கொண்டது. ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டாள், இடது கையால்.

"ஒண்ணாந் தேதி வரச் சொல்லிட்டாவ" என்றாள். "நீங்கதான் சொன்னியளாமே."

கடிதத்தை நீட்டினேன். எழுத்துக் கூட்டி, உதடு அசைய, மெதுவாகப் படித்தாள். தன் பெயர் வந்த இடத்தை இரண்டாம் முறை படித்தாள். பிறகு அவள் கண் மேலே போய்த் தேதியில் நின்றது.

"இது இந்த மாசத் தேதியால்லா இருக்கு?"

"ஆமாக்கா."

"அந்தப் பிள்ள ஆஸ்பத்திரியில கெடக்கும்போது எனக்குப் போன் போட்டுச்சே. எளைச்சி எளைச்சிப் பேசிச்சி. யக்கா, அவ எழுதிக் குடுத்துட்டா, கூப்புடுவாவ, போன அமத்திப் போட்ராதியன்னு சொல்லிச்சே."

எனக்கு இது தெரியாது. நீ அவளைக் கூப்பிட்டிருப்பாய் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை.

"அன்னைக்கு நான் எழுதலக்கா" என்றேன். "எழுதிட்டேன்னு அவகிட்ட பொய் சொன்னேன்."

குழம்பு பொங்கும் சத்தம் கேட்டது. அவள் எழுந்திருக்கவில்லை. "அதுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாமலே போயிட்டு" என்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கடிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, ஏதோ கணக்குக் கேட்டதற்குப் பதில் சொல்வது போலச் சொன்னாள். "எறா கம்பெனிக்குள்ள போன் கொண்டுபோவ விட மாட்டாவ. நான் வாசல்ல வாட்ச்மேன் அண்ணாச்சிகிட்ட குடுத்து வச்சிருப்பேன். அடிச்சா ஒரு சத்தம் குடுங்க, ஓட்டல்லருந்து கூப்புடுவாவன்னு. அவியளும் சத்தம் குடுப்பாவ. கையக் கழுவிக்கிட்டு ஓடியாருவேன். மவளா இருக்கும், இல்லைன்னா லோன் வேணுமான்னு எவளாவது கேப்பா."

"எத்தன நாளு அப்படி?"

"அங்கன சேந்ததுலருந்து இல்ல. அந்தப் பிள்ள சொன்னதுலருந்து."

பிறகு குழம்பை இறக்கப் போனாள். நான் வந்துவிட்டேன்.

அக்காவுக்கு வேலை கிடைத்துவிட்டது. புது ஓட்டலின் கதவுகளை நான் ஆடியிலும் பார்ப்பேன், கார்த்திகையிலும் பார்ப்பேன், வண்டி தள்ளுகிறவர்களைத் தள்ளச் சொல்லிப் பார்த்துத்தான் முடிவு செய்வேன். அதையெல்லாம் நீ கேட்டால் சந்தோஷப்படுவாய். ஆனால் நான் நேற்றிலிருந்து தூக்கிக்கொண்டு திரிவது அதை இல்லை. எண்ணி எண்ணி இழுத்துக்கொண்டிருந்த மூச்சில் கொஞ்சத்தை எடுத்து, என் பொய்யை நல்ல செய்தியென்று நம்பி ஒருத்திக்குச் சொல்லி அனுப்பிவிட்டுப் போயிருக்கிறாய். அவள் அதை ஏழு மாதம் நம்பியிருக்கிறாள். வாசலிலிருந்து சத்தம் வரும்போதெல்லாம் ஐஸிலிருந்து கையை எடுத்து, கழுவி, சேலையில் துடைத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள்.